யார் இந்த ஜார்ஜ் கீட்? பிக்காசோ உடைத்த உடம்பைக் கண்டியில் சேர்த்து வரைந்தவர்

அதிராம்பட்டினம் மீன் மார்க்கெட்டில் நாக்கு மீனைக் கவனித்திருக்கிறீர்களா? தட்டையாக, நாக்கு நீட்டியது மாதிரியே இருக்கும். அதன் விசேஷம் கண்தான். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர ஒரு கண் மண்டையைச் சுற்றி அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறது. காலம் முழுக்க மணலில் ஒருக்களித்துப் படுத்தே வாழ்கிற மீனுக்கு, கீழ்ப்பக்கம் ஒரு கண் இருந்து என்ன பிரயோஜனம்?

பிக்காசோவின் ஓவியம் ஏதாவது செய்தியில் அடிபடும்போதெல்லாம் நம் ஆட்களுக்கு வரும் சந்தேகமும் இந்தக் கண் பற்றியதுதான். மூக்கு ஒரு பக்கம் பார்க்கிறது, இரண்டு கண்ணும் ஒரே கன்னத்தில் இருக்கிறது, கை எங்கிருந்து முளைக்கிறது என்றே தெரியவில்லை. இதற்கா இத்தனை கோடி, இதை எல்.கே.ஜி பிள்ளையே வரையுமே என்று கமெண்டில் நாலு பேராவது எழுதியிருப்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலைத் தேடி பாரிஸ் வரை போக வேண்டாம். அதிரைக் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் கண்டியில் ஒரு ஓவியர் இருந்தார். பெயர் ஜார்ஜ் கீட். பிக்காசோவின் கியூபிசத்தைப் படித்து, அதை வைத்துக்கொண்டு ராதையையும் கிருஷ்ணனையும் பீமனையும் வரைந்தவர். புத்தர் வாழ்க்கையை ஒரு விகாரையின் சுவரில் வரைந்தவரும் இவர்தான். கொழும்பு, கண்டி என்று வியாபாரத்துக்குப் போய் வந்த பெரியவர்களின் கதை கேட்டு வளர்ந்த அதிரைக்காரர்களுக்கு இலங்கை புதிதில்லை. கீட் மட்டும் ஏனோ நம் பக்கம் அவ்வளவாகத் தெரியாமலே போய்விட்டார்.

சரி, கியூபிசம்னா என்ன?

ஆறுமுகனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லிலோ உலோகத்திலோ சிலை செய்யும் ஸ்தபதிக்குச் சிக்கல் இல்லை. முன்னால் மூன்று முகம், பின்னால் மூன்று முகம் என்று வைத்துவிடலாம். பக்தர் சுற்றி வந்து பார்த்துக்கொள்வார். காலண்டர் படம் வரைகிறவர் பாடுதான் திண்டாட்டம். காகிதத்தைச் சுற்றி வர முடியாது. அதனால் அவர் ஆறு முகத்தையும் முன்னாலேயே வரிசையாக வைத்துவிடுகிறார். ஒரு கழுத்தில் அப்படி ஆறு தலை நிற்காது என்று இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. ஆறு முகமும் தெரிய வேண்டும் என்பதுதான் அங்கே முக்கியம் என்று நமக்கே தெரியும்.

கியூபிச ஓவியர்கள் கையில் எடுத்ததும் கிட்டத்தட்ட இதே பிரச்னைதான். ஐரோப்பாவில் சுமார் 500 வருஷமாக ஓவியர்கள் ஒரே விதியைப் பிடித்து வந்தார்கள். ஓவியர் ஒரு இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், அங்கிருந்து கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைய வேண்டும். பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. ஆனால் ஒரு மனுஷனை நாம் அப்படியா தெரிந்து வைத்திருக்கிறோம்? உங்கள் அம்மாவை நினைத்துப் பாருங்கள். அடுப்படியில் திரும்பி நிற்கும்போது தெரியும் பக்கவாட்டு முகம், எதிரே உட்கார்ந்து பேசும்போது தெரியும் நேர் முகம், குனிந்து கோலம் போடும்போது தெரியும் பின் கழுத்து. எல்லாம் சேர்ந்துதான் அம்மா. அந்த எல்லாவற்றையும் ஒரே தட்டையான துணியில் கொண்டுவர முடியுமா என்று கேட்டால், முகத்தைக் கொஞ்சம் பிரித்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

இந்த வேலையைத் தொடங்கி வைத்த படம் 1907-ல் பிக்காசோ பாரிஸில் வரைந்த அவின்யோன் பெண்கள். ஏறக்குறைய எட்டு அடி உயரம், ஐந்து பெண்கள். இடது பக்கம் இருப்பவர்களுக்கு ஓரளவு மனித முகம். வலது பக்கத்து இருவருக்கு ஆப்பிரிக்க முகமூடியைப் போன்ற முகம். கீழே உட்கார்ந்திருக்கும் பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டே முகத்தையும் நம் பக்கம் திருப்பியிருக்கிறாள். நண்பர்களே அதிர்ந்து போனார்கள். இன்று அந்தப் படம் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த வருஷம் ஜார்ஜ் பிராக் என்ற இன்னொரு ஓவியரின் படங்களைப் பார்த்த ஒரு பத்திரிகை விமர்சகர், எல்லாம் கனசதுரமாக இருக்கிறது என்று கிண்டலாக எழுதினார். கனசதுரத்துக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லிலிருந்துதான் கியூபிசம் என்ற பெயர் வந்தது. கேலிப் பெயரே நிலைத்துவிட்டது.

இங்கே பலருக்கும் வரும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடலாம். இரண்டு கண்ணும் ஒரே பக்கம், பளிச்சென்ற கலர் என்று நாம் பிக்காசோ ஸ்டைலாக நினைக்கும் முகங்கள் பெரும்பாலும் 1930-களில் வந்தவை. அழுகிற பெண் என்ற புகழ்பெற்ற படம் 1937-ல் வரைந்தது. உண்மையான கியூபிசத்தின் உச்சம் அதற்கு ரொம்ப முன்னால், முதல் உலகப்போருக்கு முந்தைய சில வருஷங்கள். அப்போது வரைந்த படங்களில் கலரே இருக்காது. பழுப்பும் சாம்பலும்தான். 1910-ல் பிக்காசோ தன் ஓவிய வியாபாரியான கான்வைலரை வரைந்த படத்தைப் போனில் தேடிப் பாருங்கள். முதலில் உடைந்த கண்ணாடித் துண்டுகள் மாதிரித்தான் தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்தால் கோர்த்த கைகள் கீழே தெரியும். அப்புறம் தலைமுடி, அப்புறம் மூக்கு. ஆளுக்கும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கும் நடுவே கோடு எங்கே என்றே பிடிபடாது. உடம்பு அறைக்குள் கரைந்து போயிருக்கும்.

அதாவது கியூபிசம் மனித உடம்பை எல்லாப் பக்கமும் காட்டப் போய், கடைசியில் ஆளையே காணாமல் அடித்துவிட்டது. அந்த முட்டுச்சந்தில் இருந்துதான் கீட்டின் கதை சுவாரஸ்யமாகிறது.

ஏரிக்கரை வீட்டுப் பையன்

கீட் பிறந்தது 1901 ஏப்ரல் 17, கண்டியில். பரங்கியர் குடும்பம். டச்சுக்காரர்கள் இலங்கையை ஆண்ட காலத்தில் வந்து தங்கியவர்களின் வழிவந்த, ஆங்கிலம் பேசும், தேவாலயத்துக்குப் போகும் சமூகம் அது. பிரிட்டிஷ் ஆட்சியில் ஆபீஸ் வேலைகளில் இவர்களுக்கு நல்ல இடம். பையன் படித்ததும் கண்டியின் பேர் பெற்ற டிரினிட்டி கல்லூரியில். ஒழுங்காகப் படித்து பாஸ் பண்ணியிருந்தால் அரசாங்க உத்தியோகம், தொப்பி, கிளப் என்று வாழ்க்கை நேர்கோட்டில் போயிருக்கும்.

பாடத்தில் மனம் நிற்கவில்லை. நூலகத்தில் கிடந்து கண்டதையும் படித்தார். வீட்டுப் பக்கத்திலேயே மல்வத்தை விகாரை. காவி உடுத்த பிக்குகள், ஏரிக்கரை, பிரித் ஓதும் சத்தம். பரங்கியர் வீட்டுப் பையன் பிக்குகளோடு பழகி, சிங்களமும் பௌத்தமும் படிக்க ஆரம்பித்தார். கொஞ்ச காலத்தில் பௌத்தராகவே ஆகிவிட்டார். குடும்பத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். காலனி காலத்தில் எல்லோரும் ஏற முயன்ற படிக்கட்டில் இந்தப் பிள்ளை இறங்கிக்கொண்டிருந்தது.

ஓவியத்தில் தீவிரமாக இறங்கியபோது அவருக்கு வயது 26. அதுவரை எழுத்துதான். அதற்குப் பிறகும் எழுத்தை விடவில்லை. 1936, 1937 வருஷங்களில் ஆங்கிலக் கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டார். ஜெயதேவரின் கீத கோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் இவர்தான். இதைப் பின்னால் பார்ப்போம்.

பிக்காசோ எப்படி கண்டிக்கு வந்து சேர்ந்தார்?

கியூபிசம் பிறந்தபோது கீட் சின்னப் பையன். அவர் பாரிஸுக்குப் போய் அதைப் படித்து வரவில்லை. அது புத்தகமாகவும் அச்சுப் படமாகவும் கப்பல் ஏறி வந்தது.

கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் லயனல் வென்ட். கொழும்புக்காரர், பரங்கியர், கீட்டைவிட ஒரு வயதுக்கும் குறைவாகவே மூத்தவர். லண்டனில் சட்டமும் பியானோவும் படித்துவிட்டு 1924-ல் திரும்பியவர், பிற்பாடு பெரிய புகைப்படக் கலைஞர் ஆனார். ஐரோப்பாவில் புதிதாக என்ன நடக்கிறது என்பது அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். அதே சமயம் இலங்கைப் பள்ளிக்கூடங்களின் ஓவியக் கண்காணிப்பாளராக இருந்த சார்ல்ஸ் வின்சர் என்ற ஆங்கிலேயரும் நவீன ஓவியம் பக்கம் இளைஞர்களைத் தள்ளிவிட்டார். ராணியின் படத்தையும் பூந்தொட்டியையும் பார்த்து அப்படியே வரைவதுதான் ஓவியம் என்றிருந்த ஊரில் இது பெரிய விஷயம்.

1930-ல் கீட்டின் ஓவியங்கள் கொழும்பில் கண்காட்சிக்கு வந்தன. அதைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர், சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாக அப்போது கொழும்பில் இருந்த ஒரு இளைஞர். பெயர் பாப்லோ நெருடா. ஆமாம், பின்னால் 1971-ல் இலக்கிய நோபல் வாங்கிய அதே நெருடாதான். வெள்ளைக்கார கிளப்புகளில் ஒட்டாமல் தனியாகக் கிடந்த நெருடாவுக்கு வென்ட், கீட் கூட்டம்தான் பேச்சுத்துணை.

கியூபிசம் நம் பக்கத்துக்கு வந்தது கீட்டால்தான் என்று சொல்ல முடியாது. அவருக்கு முன்னாலேயே கல்கத்தாவில் ககனேந்திரநாத் தாகூர் அதைத் தொட்டுவிட்டார். ரவீந்திரநாத்துக்கு அண்ணன் மகன் முறை. 1920-களில் அவர் வரைந்த படங்களில் மாடிப்படியும் ஜன்னலும் வெளிச்சமும் பட்டை பட்டையாகப் பிரிந்து ஜொலிக்கும். ஆனால் அவருக்கு வீடும் வெளிச்சமும்தான் பெரிது, மனுஷ உடம்பு அந்த வெளிச்சத்துக்குள் ஒரு நிழல். கீட்டுக்கு அப்படியே தலைகீழ். அவருக்கு உடம்பு மட்டும்தான் விஷயம்.

1930-களின் நடுவில் கீட்டின் படங்களில் பிக்காசோ வெளிப்படையாகத் தெரிய ஆரம்பிக்கிறார். முகத்தை நடுவில் ஒரு கோடு பிளக்கும். அந்தக் கோடே ஒரு பக்கவாட்டு முகத்தின் நெற்றி, மூக்கு, உதடு. ஒரு பாதிக்கு ஒரு நிறம், மறு பாதிக்கு வேறு நிறம். இடது பாதியை மறைத்தால் ஒரு பெண் பக்கவாட்டில் பார்ப்பாள். கையை எடுத்தால் அதே பெண் நம்மை நேராகப் பார்ப்பாள்.

இதைப் படிக்கும்போது தாராசுரம் போய் வந்தவர்களுக்கு ஒரு சிற்பம் ஞாபகம் வரலாம். ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டு நிற்கும். ஒரு பக்க உடம்பைக் கையால் மூடினால் காளை, மறு பக்கத்தை மூடினால் யானை. உடனே சோழர்கள் அன்றே கியூபிசம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு போட்டுவிட வேண்டாம். தாராசுரத்துச் சிற்பம் இரண்டு உடம்புக்கு ஒரு தலை. அது ஒரு சாமர்த்தியம், ஒரு விளையாட்டு. கியூபிசம் ஒரே உடம்பைப் பல இடத்திலிருந்து பார்ப்பது. ஆனால் ஒன்று மட்டும் உண்மை. ஒரே கோடு இரண்டு வேலை செய்ய முடியும் என்பது இந்தப் பக்கத்துக் கண்ணுக்குப் புதிதே இல்லை. கண்டிப் பக்கத்து விகாரைகளின் பழைய சுவரோவியங்களிலும் உடம்பு முன்பக்கம் பார்க்கும், பாதம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். குஜராத்துப் பழைய ஜைனச் சுவடி ஓவியங்களில் முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்க, அந்தப் பக்கத்துக் கண் மட்டும் முகத்தைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதி இங்கே யாரையும் கட்டிப்போட்டதில்லை.

பிக்காசோ உடைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர் ஊரில் அந்த விதி இருந்தது. கீட்டுக்கு அதை உடைக்கும் அவசியம் அவ்வளவாக இல்லை. அதனால் அவர் கியூபிசத்திலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பதுதான் இந்தக் கட்டுரையாளரின் கணிப்பு. நேர்கோடுகளை விட்டுவிட்டு வளைகோட்டைப் பிடித்தார். பழுப்பை விட்டுவிட்டு சிவப்பும் மஞ்சளும் பச்சையும் எடுத்தார். உடம்பைத் துண்டு போட்டாலும் ஒரு தடித்த கறுப்புக் கோடு எல்லாத் துண்டையும் சுற்றி வளைத்துக் கட்டியிருக்கும். ஆள் தொலைந்து போக மாட்டார்.

விகாரைச் சுவரில் என்ன செய்தார்?

1939-ல் அவருக்கு ஒரு பெரிய வேலை வந்தது. கொழும்பு பொரளையில் உள்ள கோதமி விகாரையின் உள்சுவர் முழுக்க புத்தர் வாழ்க்கையை வரைய வேண்டும். ஏற்பாடு செய்தவர் வென்ட்டின் வட்டத்தைச் சேர்ந்த ஹரல்ட் பீரிஸ் என்ற செல்வந்தர்.

யோசித்துப் பாருங்கள். நேற்று வரை முகத்தை இரண்டாகப் பிளந்து வரைந்துகொண்டிருந்த ஆள். இன்று ஜனங்கள் கை கூப்பி நிற்கப்போகிற சுவரில் புத்தரை வரைய வேண்டும். கண்காட்சியில் பிடிக்கவில்லை என்றால் மூஞ்சியைச் சுளித்துவிட்டுப் போய்விடுவார்கள். கோயிலில் அப்படி விட மாட்டார்கள்.

அதே நேரத்தில் அவருடைய சொந்த வீடும் உடைந்துகொண்டிருந்தது. 1930-ல் ரூத் ஜான்ஸ் என்ற பரங்கியர் பெண்ணைத் திருமணம் செய்திருந்தார், பெண் குழந்தைகளும் இருந்தார்கள். இப்போது பிலவல மெனிக்கே என்ற கண்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணோடு வாழப் போய்விட்டார். மனைவி, பிள்ளை, பழைய சமூகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு. ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகள் இந்த மாதிரி இடங்களை ஒரு வரியில் தாண்டிவிடும், ஏதோ மேதைகளுக்கு அனுமதிச்சீட்டு கொடுத்த மாதிரி. விடப்பட்ட வீட்டுக்கு அது ஒரு வரி இல்லை.

இந்த மனநிலையில் இருந்த மனிதர் சுவரில் என்ன வரைந்திருப்பார் என்று எதிர்பார்ப்பீர்கள்? பொரளையில் இருப்பது அமைதியான கோடு. கியூபிசத்தின் முறிவுகள் அங்கே அடங்கிப் போயிருக்கின்றன. உருவங்கள் பெரிதாக, முழுசாக, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சுவர் நெடுக நகர்கின்றன. தூரத்தையும் ஆழத்தையும் காட்டும் முயற்சியே கிடையாது. எல்லோரும் சுவரின் தோலிலேயே நிற்கிறார்கள். சீகிரியா, அஜந்தா ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நீண்ட கண்ணும் சாய்ந்த இடுப்பும் அடையாளம் தெரியும். ஆனால் பழசைப் பார்த்து எழுதிய காப்பி இல்லை என்பதும் உடனே தெரிந்துவிடும். எதை விட வேண்டும் என்பதைக் கியூபிசம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. நிழலும் வெளிச்சமும் போட்டு உடம்பை உருட்டிக் காட்டும் ஐரோப்பிய வித்தை அந்தச் சுவரில் இல்லை.

1940-ல் வேலை முடிந்தது. அவர் வாழ்நாளில் செய்ததிலேயே பெரிய வேலை இதுதான்.

ராதையும் ஜராசந்தனும்

கொழும்பு, பரங்கியர் தெரு, கிளப் எல்லாம் பின்னால் போய்விட்டது. கண்டியை ஒட்டிய கிராமங்களில் மெனிக்கேயோடு குடித்தனம். வயல், கிணறு, நாத்து நடும் பெண்கள். பெரிய வருமானம் இல்லை. நம் டெல்டாவின் ஏதோ ஒரு கிராமத்தில் இருப்பது மாதிரித்தான் இருந்திருக்கும், நடுவே மலை மட்டும் கூடுதல். இந்த வருஷங்களில் அவர் படங்களில் கிராமத்துப் பெண்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அகலத் தோள், குறுகிய இடை, பாதாம் பருப்பு மாதிரி கண், காதுவரை நீளும் புருவம். யாரைப் பார்த்து வரைந்தார் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

கீத கோவிந்தம் மொழிபெயர்ப்பும் இந்தக் காலத்து வேலைதான். 1940-களில் அது அவருடைய கோட்டோவியங்களோடு பம்பாயில் புத்தகமாக வந்தது. ராதையும் கிருஷ்ணனும் கட்டிப்பிடித்து நிற்கும் படங்களில்தான் கீட்டின் கியூபிசம் உண்மையில் எதற்கு என்பது புரியும். இரண்டு முகம் ஒட்டியிருக்கும். நடுவில் ஒரே ஒரு கோடு. அது அவன் மூக்கா, அவள் மூக்கா? இரண்டும்தான். ஒரு ஆளைப் பல பக்கம் பார்ப்பதற்காகப் பாரிஸில் கண்டுபிடித்த உத்தியை, இரண்டு ஆட்கள் ஒருவராவதைக் காட்ட இவர் பயன்படுத்திக்கொண்டார்.

இன்னொரு படம் பீமனும் ஜராசந்தனும். மகாபாரதக் கதை தெரிந்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். ஜராசந்தன் பிறக்கும்போதே இரண்டு பாதி. இரண்டு தாய்க்கு ஆளுக்குப் பாதியாகப் பிறந்து, தூக்கி எறியப்பட்டு, ஜரை என்ற அரக்கி இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒட்டிக்கொண்ட உடம்பு. பீமன் கிழித்துப் போட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கிருஷ்ணன் ஒரு புல்லைக் கிழித்து இடம் வலம் மாற்றிப் போட்டுக் காட்ட, பீமனுக்கு விஷயம் புரிகிறது. உடைவதும் ஒட்டுவதுமே கதையாக இருக்கும் ஒரு உடம்பு. கியூபிச ஓவியருக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் உலகப் புராணத்திலேயே கிடைக்க மாட்டான். மல்யுத்தத்தில் பின்னிக்கிடக்கும் கைகால்களில் எது யாருடையது என்று நாம்தான் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940-களில் வரைந்த படம் இது.

43 குழு: ஒரு யாழ்ப்பாணத் தமிழரும் இருந்தார்

1943 ஆகஸ்டில் வென்ட்டின் முயற்சியில் கொழும்பில் சில ஓவியர்கள் ஒன்று சேர்ந்தார்கள். பெயருக்கு மெனக்கெடவில்லை. வருஷத்தையே பெயராக வைத்து 43 குழு என்றார்கள். கீட், ஜஸ்டின் தரணியகல, ஹாரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜெஃப்ரி பீலிங், பிக்குவாக இருந்த மஞ்சுஸ்ரீ என்று பரங்கியர், சிங்களர் எல்லோரும் இருந்த குழுவில் தமிழரான எஸ்.ஆர். கனகசபையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஓவியம் வளர்த்தவர் அவர். இந்தப் பெயரை ஏன் இங்கே எடுத்துச் சொல்கிறோம் என்றால், பின்னால் அந்தத் தீவில் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வருஷமே, 1944 டிசம்பரில், வென்ட் இறந்துபோனார். வயது 44தான். குழு மட்டும் தொடர்ந்தது. 1952-ல் லண்டன் வரை போய்க் கண்காட்சி நடத்தியது.

1940-களின் பிற்பகுதியில் கீட் இந்தியாவில் இருந்தார், பெரும்பாலும் பம்பாயில். எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் அவரை ஆதரித்தார். 1947-ல் அதே பம்பாயில்தான் ஹுசைன், சூசா, ரசா எல்லாம் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார்கள். தடித்த கோடு, தட்டையான நிறம், இந்தியக் கதை, ஐரோப்பிய உடைப்பு என்ற கலவையை இவர்களுக்கு முன்னாலேயே ஒருவர் செய்து பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தார் என்பதை இந்திய ஓவிய வரலாறு கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் நல்லது.

எல்லாமே மாஸ்டர்பீஸா?

இல்லை. கீட் ரொம்ப காலம் வாழ்ந்தார், ரொம்ப வரைந்தார். பிற்காலப் படங்களில் அதே கண், அதே புருவம், அதே இரட்டை முகம் பழக்கதோஷமாக வந்து நிற்கும். கைக்குப் பழகிவிட்ட கோலம் மாதிரி. 1930-களிலும் 40-களிலும் ஒவ்வொரு கோடும் எங்கே போகப் போகிறது என்று தெரியாமல் போகும், அதனால் பார்க்கிறவரும் கூடவே போவார். பின்னால் அது அலங்காரம் ஆகிவிடுகிறது. ஏலத்தில் எல்லாம் கீட் என்ற ஒரே பெயரில்தான் போகும், பார்க்கிறவர் வருஷத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சொந்த வாழ்க்கையிலும் இன்னொரு திருப்பம் இருந்தது. மெனிக்கேயோடு பல வருஷம் வாழ்ந்தவர், 1970-களில் குசும் நாராயண் என்ற இந்தியப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பௌத்தத்திலிருந்து மெல்ல இந்துப் புராணங்களின் பக்கம் அவர் நகர்ந்திருந்ததும் படங்களில் தெரியும்.

இறந்தது 1993 ஜூலை 31, கொழும்பில். வயது 92. பிக்காசோ 1973-ல் 91 வயதில் போனவர். ஆயுளிலும் இரண்டு பேருக்கும் ஒரு வயது வித்தியாசம்தான்.

பார்க்கணும்னா எங்கே போகணும்?

போனில் பார்ப்பவர்கள் முதலில் முகத்தைப் பெரிதாக்காதீர்கள். முழுப் படத்தையும் பார்த்து, தடித்த கறுப்புக் கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு விரலால் அதன் பின்னாலேயே போங்கள். புருவத்தில் ஆரம்பித்தால் மூக்கு, கன்னம், தோள் என்று எங்கெங்கோ போய், இன்னொருவரின் கையில் முடியும். அதற்குப் பிறகு முகத்தின் ஒரு பாதியைக் கட்டை விரலால் மூடிப் பாருங்கள்.

இலங்கைக்குப் போகிறவர்களுக்குக் கொழும்பில் இரண்டு இடம். ஹாரி பீரிஸின் வீடு இப்போது சபுமல் அறக்கட்டளையாக இருக்கிறது. 43 குழுவினரின் படங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியபடியே இருக்கும். இன்னொன்று பொரளை கோதமி விகாரை. அது காட்சிக்கூடம் இல்லை, இன்றும் வழிபாடு நடக்கும் இடம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய், பூ வைக்க வந்தவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நின்று சுவரைப் பார்க்கலாம்.